பத்து நாள் கரன்ட் வைத்தும் வலி திரும்பிவிட்டது, பிசியோதெரபியால் பயன் உண்டா?

கேள்வி சுருக்கமாக இது. அம்மாவுக்கு 58 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லி, டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். பத்து நாள் கரன்ட் வைத்தார்கள், சூடு வைத்தார்கள். போய்வந்த நாட்களில் இதமாக இருந்தது; நிறுத்திய மறுவாரமே பழைய வலி வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கிடையே தம்பி வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தால் கை மடங்க மாட்டேன் என்கிறது. அவனையும் பிசியோவுக்கு அனுப்புவதா, இல்லை இது வீண் அலைச்சலா என்று கேட்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பயன் உண்டு, இரண்டு பேருக்குமே. ஆனால் அம்மாவுக்கு இதுவரை கிடைத்தது வைத்தியத்துக்கு முன்னால் வலியைத் தணிக்கும் வேலை மட்டும்தான். வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எலும்பும் சதையும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். எலும்பு, தசை, தசையை எலும்போடு கட்டும் நாண், மூட்டின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு எல்லாமே தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்பவை. ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எலும்பைப் பற்றி எழுதியதை இன்றைக்கும் நாங்கள் முதலாண்டில் படிக்கிறோம்: எந்தத் திசையில் சுமை விழுகிறதோ, அதற்குத் தக்கபடி எலும்பு தன் உள்கட்டமைப்பைத் திருத்திக்கொள்கிறது. சுமை இல்லாவிட்டால்? விண்வெளி நிலையத்தில் தங்கும் வீரர்களுக்கு, தடுப்பு ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால், இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. சோதித்து, வடிகட்டி எடுத்த ஆரோக்கியசாலிகள் அவர்கள். கால் ஊன்றத் தரை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

குருத்தெலும்பின் கதை இன்னும் விசித்திரமானது. எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மூடியிருக்கும் இந்த வழவழப்பான உறைக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்குப் போஷாக்கு மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் வர வேண்டும். காலை ஊன்றும்போது ஈரப் பஞ்சைப் பிழிந்ததுபோல நீர் வெளியேறும். எடுக்கும்போது திரும்ப உறிஞ்சும். இந்தப் போக்குவரத்துதான் அதற்குச் சாப்பாடு. மூட்டு வலிக்கிறது என்று நடப்பதை அடியோடு நிறுத்துகிறவர், மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுகிறார்.

தேய்மானம் என்ற சொல்லின் மேலேயே எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் செருப்பின் அடிப்பாகம்தான் மனதில் வரும்: நடந்தால் தேயும், நடக்காவிட்டால் மிச்சமாகும். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பினால், அன்றிலிருந்து படி ஏறுவதைத் தவிர்ப்பார், கடைக்கு மகனை அனுப்புவார், நாற்காலியின் கைப்பிடியை அழுத்தித்தான் எழுவார். மூன்று மாதத்தில் தொடைச் சதை கரைந்துவிடும். முன்பு தொடைத்தசை தாங்கிய அதிர்ச்சி இப்போது நேரே மூட்டில் இறங்கும். வலி கூடும். 'பார், தேய்மானம் அதிகமாகிவிட்டது' என்பார்கள். மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் இன்னொன்றும் நடக்கிறது: வீங்கிய மூட்டிலிருந்து போகும் சேதியைக் கேட்டு, தொடை முன்தசைக்கு வரும் கட்டளையைத் தண்டுவடமே மட்டுப்படுத்திவிடும். நோயாளி சோம்பேறித்தனத்தால் காலைத் தூக்காமல் இருப்பதில்லை. தூக்கச் சொல்லும் சமிக்ஞையே முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் வீங்கிய முழங்காலோடு வருகிறவருக்கு நான் முதலில் வீக்கத்தைப் பார்ப்பேன், பிறகுதான் எடை தூக்கும் பயிற்சி.

படத்தில் தெரிவதற்கும் வலிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட மிகத் தளர்வானது. முதுகெலும்பில் இதை அழகாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு. யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நரை விழுந்த தலையைப் படம் எடுத்து நோய் என்று யாரும் எழுதித் தருவதில்லை; முதுகின் நரையை மட்டும் எழுதித் தருகிறோம். முழங்காலிலும் இதே நிலைதான். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டோடு மலையேறுகிறவர்களையும், சுத்தமான எக்ஸ்ரேயோடு படி இறங்க முடியாமல் தவிக்கிறவர்களையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

இனி கரன்ட் விஷயம். ஐஎஃப்டி, டென்ஸ் என்ற மின்தூண்டல் கருவிகள், அல்ட்ராசவுண்ட் என்ற ஒலியலைக் கருவி, டயாதெர்மி என்ற சூட்டுக் கருவி, மெழுகு ஒத்தடம் எல்லாவற்றையும் சேர்த்து மக்கள் கரன்ட் வைப்பது, சூடு வைப்பது என்கிறார்கள். டென்ஸ் போன்றவை தோல் வழியாக நரம்பைத் தூண்டி, வலிச் செய்திக்குக் கொஞ்ச நேரம் வழியை அடைக்கின்றன. சூடு தசையைத் தளர்த்துகிறது. இரண்டும் நிஜமான இதம். ஆனால் கருவியை எடுத்துச் சில மணி நேரத்தில் அந்த இதம் வடிந்துவிடும். தொடைத்தசையில் ஒரு நார்கூட அதனால் தடித்திருக்காது. எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டுதலில் அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐஎஃப்டி மூன்றையும் தர வேண்டாம் என்றே எழுதியது. 2022-இல் வந்த மூட்டுத் தேய்மான வழிகாட்டுதலிலும் மின்சிகிச்சைகளை ஒதுக்கிவிட்டு, பயிற்சியை எல்லா நோயாளிக்கும் முதல் வரிசையில் வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது என் பழைய பாவத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் மூன்று வருடம் நானும் கரன்ட் வைத்துதான் பெயர் வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் ஆறு பேரைப் படுக்கவைத்து ஒயரை மாட்டிவிட்டு, ஏழாவது ஆளின் சீட்டைப் பார்க்கப் போய்விடலாம். நோயாளிக்கும் அதுவே பிடிக்கும். எந்திரம் விர்ரென்று ஏதோ செய்கிறது, தான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 'அந்தத் தம்பி கைராசிக்காரர், படுத்ததும் தூக்கம் வருது' என்றார்கள். ஒரு பெரியம்மா மட்டும் நான்காவது தடவையாக அதே முழங்காலோடு வந்து, 'தம்பி, நீங்க வெச்ச கரன்ட் ஏன் மாசாமாசம் தீர்ந்து போகுது?' என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் படுக்கைகளைக் குறைத்துவிட்டு, ஒரு படிக்கட்டுப் பெட்டியும் கொஞ்சம் எடைகளும் வாங்கிப் போட்டேன்.

சுமையை மருந்துபோல அளந்து கொடுக்கலாம் என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் தொடையிலும் முழங்காலிலும் காயம்பட்ட வீரர்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் ராணுவ மருத்துவர் அப்போதைய லேசான அசைவுப் பயிற்சிகளை விட்டுவிட்டு, கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கவைத்தார். அவரே எடை தூக்கிப் பழகியவர். 1945-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பத்துத் தடவை தூக்க முடிகிற, பதினோராவது தடவை முடியாத எடை எதுவோ அதைக் கண்டுபிடி. அதையே அளவுகோலாக வைத்து வாரத்துக்கு வாரம் ஏற்று. உலகத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் 'பத்துப் பத்தாக மூன்று செட்' என்று சொல்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் உடற்கட்டு மேடையைவிட மருத்துவமனைப் படுக்கைக்குத்தான் நெருக்கம்.

அம்மாவுக்கு வருவோம். அவர் வீட்டிலேயே செய்யக்கூடியதும், என் அனுபவத்தில் அதிகப் பலன் தருவதும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. சாதாரண நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டது, நகராதது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும், மெதுவாக மூன்று எண்ணிக்கையில் உட்கார வேண்டும். வலியில்லாமல் முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தடித்த தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டுத் தடவை முடிந்தால் கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்தால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் கையில் எடை. கடினமாவதை நிறுத்தினால் பயன் தருவதும் நின்றுபோகும். வருடக்கணக்கில் அதே இருபது தடவை காலை ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் தேறாததற்குக் காரணம் அதுதான்.

கூடவே இன்னும் மூன்று. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, வலிக்கும் காலை முட்டி விறைப்பாக நீட்டி ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து நொடி நிறுத்துவது. முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்துவது. இது முட்டி முழுதாக நீளாமல் சற்று மடங்கியே நிற்பவர்களுக்கு அவசியம், ஏனென்றால் சில டிகிரி மடங்கியபடியே நடக்கும் கால் அடிக்கு அடி தொடைத்தசையைக் களைப்பாக்கும். மூன்றாவது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது. இறங்கும் பக்கம்தான் முக்கியம். சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு சுமை விழுகிறது. படி இறங்கும்போது அதற்கும் மேலே. வலிக்காரர்கள் எல்லாரும் 'ஏறிடறேன், இறங்கத்தான் முடியலை' என்று சொல்வதன் கணக்கு இதுதான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டும், பிரேக் பிடிப்பதுபோல.

உடல் எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதையும் பேசாமல் இருக்க முடியாது. பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள முதியவர்களை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ அளவுக்குச் சுமை குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு ஓர் அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறோம் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலித்தால் செய்யலாமா என்று அடுத்த கேள்வி வரும். செய்யலாம், ஒரு எல்லைக்குள். வலியே இல்லை என்பது பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நான்கு வரை போனால் பரவாயில்லை. மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, அல்லது மூட்டு வீங்கியிருக்கிறது என்றால் அளவு அதிகமாகிவிட்டது. தடவைகளைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதல் வாரத்தில் தொடைச் சதையில் அடித்துப் போட்டதுபோல ஒரு வலி இரண்டாம் நாள் வரும். அது தசை வலி, மூட்டு வலி அன்று. அதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்கள் ஏராளம்.

எத்தனை நாள் ஆகும்? பத்து நாளில் எதுவும் நடக்காது. முதல் மூன்று நான்கு வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. இருக்கிற தசையையே மூளை இன்னும் நன்றாகப் பயன்படுத்தப் பழகுகிறது. சதை நிஜமாகத் தடிக்க எட்டு வாரம், பன்னிரண்டு வாரம். அதனால் ஆறாவது வாரத்துக்கு முன்னால் 'பிரயோஜனமில்லை' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பன்னிரண்டாவது வாரத்துக்குப் பிறகும் ஒழுங்காகச் செய்து, சுமையும் ஏற்றி, ஒரு மாற்றமும் இல்லை என்றால் அப்போது எலும்பு டாக்டரிடம் மறுபடி போவது சரி. மூட்டு முழுதாகக் கெட்டு, இரவில் தூக்கம் போய், வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடு என்ற நிலைக்கு மூட்டு மாற்று அறுவை நல்ல வைத்தியம். பயிற்சியைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடுவதும் தப்பு. அப்படிப் போனாலும் முன்கூட்டித் தேற்றிய தொடைத்தசை வீணாகாது, அறுவைக்குப் பிறகு முதல் வாரமே அதன் அருமை தெரியும்.

தம்பியின் மணிக்கட்டு வேறு வகைச் சங்கதி. அவனுக்கு நோய் இல்லை, ஆறு வாரம் பூட்டிவைத்ததன் விளைவு. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கிப்போயிருக்கும், முன்கைச் சதை மெலிந்திருக்கும், தோல் உரிந்து கை வேறு யாருடையதோ மாதிரி தெரியும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். உண்மையில் கட்டு போட்ட அன்றிலிருந்தே விரல், முழங்கை, தோள் மூன்றையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை. முறிந்தது மணிக்கட்டு, இறுகிப்போவது தோள்பட்டை. அவனுக்கு இப்போது கையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக, ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் அசைக்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு செய்தால் சுலபமாக வரும். உள்ளங்கையை மேலே திருப்புவதை மறக்கவேண்டாம். சில்லறையைக் கையில் வாங்கவும் முகம் கழுவவும் அந்தத் திருப்பம் வேண்டும், திரும்பி வருவதில் அதுவே கடைசி ஆள். எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு பிடிப்பலம், எடை. முழுப் பலம் வரச் சில மாதங்கள் ஆகும். கை நெருப்பாய் எரிகிறது, நிறம் மாறுகிறது, பளபளவென்று வீங்குகிறது, லேசாகத் தொட்டாலே துடிக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள். முறிவுக்குப் பிறகு அபூர்வமாக வரும் ஒரு நரம்புச் சிக்கல் அது. சீக்கிரம் பிடித்தால் மடக்கிவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கெட்டுப்போன கைகளைப் பார்த்திருக்கிறேன். இறுகிய மூட்டை யாரிடமாவது கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கவிடாதீர்கள். முழங்கையில் இது மிக ஆபத்து. அடிபட்ட முழங்கையைப் பிடித்துத் தேய்த்து, வலுவில் இழுத்தால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடக்கூடும். அதற்குப் பிறகு இழுத்தவராலும் முடியாது, என்னாலும் முடியாது. முழங்கையை நோயாளியே தன் பலத்தில் மடக்கி நீட்ட வேண்டும். கத்தவைத்தால்தான் பிசியோதெரபி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அடுத்த அறையில் அலறல் கேட்டால், அங்கே நல்ல வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை.

தோள்பட்டை இறுக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக வருவது. முதலில் சில மாதம் கடும் வலி, பிறகு வலி குறைந்து இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகல். முழுச் சுற்று ஒரு வருடம் முதல் மூன்று வருடம்கூட எடுக்கும். முதல் கட்டத்தில் இழுத்தால் கோபித்துக்கொண்டு இன்னும் இறுகும். இரண்டாம் கட்டத்தில் இழுக்காமல் விட்டால் வருடம் ஓடிவிடும். ஒரே பயிற்சி, கட்டம் தவறினால் விஷம். 'அவருக்குச் சொன்னதையே நானும் செய்யறேன்' என்று பக்கத்து வீட்டுக்காரரின் பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நாணில் வரும் வலிக்கு, குதிகால் பின்பக்க வலி மாதிரியானவற்றுக்கு, ஓய்வு மட்டும் கொடுத்துச் சரியானவர்கள் குறைவு. ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறையில், படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது ஒரு நாளைக்கு 180 தடவை, பன்னிரண்டு வாரம். வலித்தாலும் செய்யச் சொன்னார். இன்று அவ்வளவு எண்ணிக்கை யாரும் வற்புறுத்துவதில்லை, ஆனால் கனமாகவும் மெதுவாகவும் சுமை கொடுக்க வேண்டும் என்பது நிலைத்துவிட்டது.

அறுவை செய்தே ஆக வேண்டும் என்று எம்ஆர்ஐயைக் காட்டிச் சொல்லும்போதும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். விபத்து எதுவும் இல்லாமல், வயதால் முழங்காலில் அதிர்ச்சி தாங்கும் ஜவ்வு கிழிந்த 146 பேரை ஃபின்லாந்தில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜமாகவே கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மற்றதற்கு மூட்டுக்குள் கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, வெட்டுவதுபோல நடித்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தது. 2013-இல் வந்த முடிவு இது. விளையாட்டில் முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவை நார் அறுந்தவர்களை வைத்து ஸ்வீடனில் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி செய்து பிறகு தேவைப்பட்டால் அறுவை என்று வைத்த 59 பேரில், இரண்டு வருடத்துக்குள் அந்த நாருக்கான அறுவைக்குப் போனது 23 பேர்தான். மிச்சம் 36 பேர் அந்த அறுவை இல்லாமலே இருந்தார்கள். எல்லாருக்கும் அறுவை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மூட்டு மடக்க முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது முழங்கால் திடீரென்று நழுவுவது தொடர்ந்தால் கணக்கு மாறும்.

பிசியோதெரபி தொடக்கூடாதவையும் உண்டு. மூட்டு சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது, இவையும் அப்படித்தான், மணிக்கணக்கு முக்கியம். காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் ஓயாத எலும்பு வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, இவை இருந்தாலும் முதலில் டாக்டரிடம்தான். கட்டு போட்ட காலில் கெண்டைச் சதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர் கரன்ட் படுக்கையில் படுக்கும் முன் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எலும்பு மெலிவு நோயில் முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு முன்பக்கம் வளைந்து கால் விரலைத் தொடும் பயிற்சி ஆகாது.

நல்ல பிசியோவை எப்படி அறிவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் அவர் உங்கள் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தாரா, முட்டியின் மடக்கு எத்தனை டிகிரி என்று அளந்து எழுதினாரா என்று பாருங்கள். நடக்க அறுபது எழுபது டிகிரி போதும். நாற்காலியிலிருந்து எழத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். முழுதாகக் குந்த நூற்று முப்பதைத் தாண்ட வேண்டும். அம்மாவுக்கு எது வேண்டும் என்று கேட்காமல் எண்ணைத் துரத்துவதில் அர்த்தமில்லை. மூன்றாம் வாரத்திலும் முதல் வாரத்துப் பயிற்சியே நடந்தால் கேள்வி கேளுங்கள். எத்தனை வாரத்தில் என்னிடம் வருவதை நிறுத்தலாம் என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் ஒரு தேதி சொன்னால் பெரும்பாலும் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, ஒத்தடம் சூடா குளிரா என்ற உங்கள் சின்னக் கேள்வி. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பழைய பேச்சை மாற்றிக்கொண்டார். எனவே புதுச் சுளுக்கில் வலி தணியக் கொஞ்ச நேரம் ஐஸ் வைத்தால் தப்பில்லை, மணிக்கணக்கில் வேண்டாம். அம்மாவின் பழைய வலிக்கு எது இதமோ அது. சூடு இதமென்றால் பயிற்சிக்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொண்டு, இளகிய சூட்டோடு நாற்காலிக்கு வரட்டும். சர்க்கரையால் அவருக்குக் கால் மரத்திருந்தால் மட்டும் பையின் சூட்டை அவரிடம் கேட்காதீர்கள், உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, துணி சுற்றிக் கொடுங்கள்.